இரண்டுக்கு ஒன்றில் போன மீசை

மைக் முன்னால் புதிதாக உட்கார வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நிலையத்தில் உங்களுக்கு ஒரு கையேடு கொடுத்திருப்பார்கள். எந்தப் பொத்தானை எப்போது அமுக்க வேண்டும், இருமல் வந்தால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நான் அதைத் தொடப்போவதில்லை. பதினோரு வருடம் அந்த அறையில் இருந்தும் பாதிப் பொத்தான்கள் எதற்கென்று எனக்குத் தெரியாது. கேட்க வெட்கப்பட்டுக்கொண்டே ஓய்வு பெற்றுவிட்டேன்.

அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். முதலில் என் சாதனைகளை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அரைப்பக்கத்தில் தீர்ந்துவிட்டது, அதிலும் என் பெயரும் முகவரியும் கால் பக்கம். பிறகு தவறுகளை எழுத ஆரம்பித்தேன். தாள் வாங்கக் கடைக்குப் போக வேண்டியதாயிற்று. அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். அதில் ஒரு மீனவரின் மீசை போயிற்று. அவர் மகளின் கல்யாணம் போகப் பார்த்தது. காரணம், உலகக்கோப்பைக் கால்பந்தின் வரலாறு. அதை வாசித்தவன் நான்.

நம்முடையது காரைக்காலில் ஒரு சின்ன சமுதாய வானொலி. மேற்கே தருமபுரம் தாண்டினால் கரகரப்பு, கிழக்கே கடலில் கொஞ்ச தூரம் வரை தெளிவு. மனிதர்களைவிட மீன்களுக்குத்தான் நம் குரல் நன்றாகக் கேட்கும் என்று நிலையப் பொறுப்பாளர் சொல்வார். அவரை நாங்கள் மேடம் என்போம். என்னைவிடப் பத்து வயது இளையவர், பத்து மடங்கு நிதானமானவர். செய்தி வாசிக்க நமக்கு அனுமதி கிடையாது என்பதை உங்களுக்கு முதல் நாளே சொல்லியிருப்பார்கள். வானிலை சொல்லலாம், மீன் வரத்து சொல்லலாம், விளையாட்டு விவரம் சொல்லலாம். விளையாட்டை நேரடியாக வர்ணிக்கக் கூடாது. இந்தக் கடைசி வரியைத்தான் நான் மீறினேன். அதுவும் அறுபத்து நாலு வருடம் தாமதமாக மீறினேன்.

பிரேசில் நாட்டில் உலகக்கோப்பை நடந்த வருடம் அது. நம் ஊரில் அந்த ஒரு மாதம் யார் எந்த நாட்டுக்காரர் என்பதைத் தெருவில் நடந்தாலே தெரிந்துகொள்ளலாம். பாரிசில் சித்தப்பா பெரியப்பா உள்ள வீடுகளின் மாடியில் பிரான்சுக் கொடி. காரைக்கால்மேட்டில் வலை காயப்போடும் கழிகளிலெல்லாம் அர்ஜென்டினா. கிளிஞ்சல்மேட்டில் பிரேசில். படகுகளுக்கே மஞ்சள் பச்சை அடித்துவிட்டார்கள்.

மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"சார், உங்களுக்குக் கால்பந்து தெரியுமா?"

"தெரியும் மேடம்" என்றேன். பந்து உருண்டையாக இருக்கும் என்பது தெரியும்.

"அப்ப காலைல ஆறு மணிக்குப் பத்து நிமிசம். உலகக்கோப்பை வரலாறு. முதல் கோப்பையிலேருந்து ஆரம்பிங்க."

ஆரம்பித்தேன். உண்மையைச் சொன்னால், அது நன்றாகவே போயிற்று. ஏனென்றால் அந்த வரலாறே ஒரு குடும்பச் சண்டை மாதிரி இருக்கிறது. முதல் உலகக்கோப்பையின் இறுதி ஆட்டத்தில் யாருடைய பந்தை வைத்து ஆடுவது என்று தகராறு. கடைசியில் முதல் பாதிக்கு ஒரு நாட்டின் பந்து, இரண்டாம் பாதிக்கு மற்ற நாட்டின் பந்து. அவரவர் பந்தில் அவரவர் முந்தினார்கள். போர்க்காலத்தில் கோப்பையை ஒருவர் செருப்புப் பெட்டிக்குள் போட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாராம். பிறகு ஒரு முறை இங்கிலாந்தில் அது திருட்டுப் போய், ஒரு நாய் கண்டுபிடித்துக் கொடுத்தது. இதைச் சொன்ன அன்றைக்கு மூன்று பேர் தொலைபேசியில் கூப்பிட்டு அந்த நாய் என்ன ஜாதி என்று கேட்டார்கள். கோப்பையை யார் வென்றார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு 1950 வந்தது. அந்தக் கோப்பையும் பிரேசிலில் நடந்ததுதான். அதற்கு இந்தியாவுக்கு இடம் கிடைத்தது, நாம் போகவில்லை. பிரான்சையும் கூப்பிட்டார்கள், அவர்களும் போகவில்லை. அப்போது காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஆக உலகத்திலேயே ஒரே கோப்பைக்கு இரண்டு வழியாகவும் போகாமல் இருந்த ஊர் நம்முடையதுதான் என்று சொன்னேன். இந்தியா ஏன் போகவில்லை என்பதற்கு, நம்மவர்கள் வெறுங்காலோடுதான் ஆடுவோம் என்று அடம்பிடித்ததால் என்று, ஏதோ அந்தக் கூட்டத்தில் நானே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவன் போலச் சொன்னேன்.

ஐந்து நிமிடத்தில் தொலைபேசி. தருமபுரத்திலிருந்து ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர்.

"தம்பி, அந்த வெறுங்கால் கத எல்லாரும் சொல்றதுதான். ஆனா அதுதான் காரணம்னு உறுதியா சொல்ல முடியாது. தூரம்ங்கறாங்க, ஆயத்தம் இல்லைங்கறாங்க, அப்ப ஒலிம்பிக்குக்குத்தான் மதிப்புங்கறாங்க. நீங்க என்னமோ பக்கத்துல நின்னு பாத்த மாதிரியே சொல்றீங்களே?"

அவர் கண்டித்தார். எனக்கு அது பாராட்டாகக் கேட்டது. பக்கத்தில் நின்று பார்த்த மாதிரியே! அன்று இரவு நான் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. மறுநாள் அதே 1950இன் கடைசி ஆட்டத்தைச் சொல்ல வேண்டிய நாள். பக்கத்தில் என்ன, மைதானத்துக்குள்ளேயே நின்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கவனியுங்கள், பிள்ளைகளே. உங்களைக் கெடுப்பது திட்டு அல்ல. திட்டைப் பாராட்டாக மாற்றிக்கொள்ளும் திறமை இருக்கிறதே, அதுதான். எனக்கு அந்தத் திறமை பிறவியிலேயே உண்டு.

மறுநாள் காலை ஆறு மணி. அந்த ஆட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரேசில் சமன் செய்தாலே கோப்பை அவர்களுக்கு. புது மைதானம், ஏறக்குறைய இரண்டு லட்சம் கூட்டம். வெற்றிப் பாட்டுகூட எழுதி வைத்துவிட்டார்கள். முதல் கோலையும் அவர்களே போட்டார்கள். பிறகு உருகுவே ஒன்று போட்டது, இன்னொன்று போட்டது. இரண்டுக்கு ஒன்று. மைதானமே வாயடைத்துப் போயிற்று. அதுவரை வெள்ளைச் சட்டை போட்டு ஆடிய பிரேசில், பிறகு அந்தச் சட்டையையே ஒதுக்கிவிட்டு மஞ்சளுக்கு மாறியது.

இதை நான் என்ன செய்தேன்? கூட்டத்தின் இரைச்சல் வேண்டும் என்று, மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் வீசும்போது நாங்கள் பதிவு செய்து வைத்திருந்த சத்தத்தைப் பின்னால் ஓடவிட்டேன். மர்மம் கூட்டுவதற்காக உருகுவே என்ற பெயரை மறைத்து, எதிரணி, எதிரணி என்றே சொன்னேன். வருடத்தைக் கடைசியில் சொல்லி அதிர வைக்கலாம் என்று வைத்துக்கொண்டேன். மற்றபடி, "இதோ வலது ஓரத்தில் எதிரணி! தடுக்க ஆள் இல்லை! ஐயோ, கோல்!" என்று நான் போட்ட கூச்சலில் கீழே டீக்கடைக்காரர் மேலே ஓடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "முடிந்தது. சொந்த மண்ணில் பிரேசில் தோற்றது. இரண்டுக்கு ஒன்று" என்று குரலை உடைத்தேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நன்றாகச் செய்தபோதெல்லாம் எனக்கு அப்படி வரும். எதிலாவது கோட்டை விட்டிருக்கும்போதும் வரும்.

பத்தே காலுக்கு ஓர் ஆள் படியேறி வந்தார். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. மூக்குக்குக் கீழே கைக்குட்டையைக் கட்டியிருந்தார்.

"காலைல ஆறு மணிக்கிப் பேசினது யாருங்க?"

வாட்ச்மேன் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் குரல் காட்டிக் கொடுத்துவிடும்.

"நான்தாங்க."

"பிரேசிலு தோத்துச்சின்னு சொன்னீங்களே."

"ஆமாங்க. தோத்துச்சு."

"எப்ப?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பதுல."

அவர் கைக்குட்டையை இறக்கினார். மீசை இருந்த இடம் வெயிலையே பார்க்காத வெள்ளையாக இருந்தது. மற்ற முகம் முழுக்கக் கறுப்பு.

"அம்பதுலயா? நான் அப்ப பொறக்கவே இல்லீங்களேய்யா! அதுக்கா நான் எடுத்தேன்?"

அவர் பெயர் சிங்காரவேலு. கிளிஞ்சல்மேடு, ஃபைபர் படகுக்காரர். காரைக்கால்மேட்டில் இருக்கும் தன் மச்சானோடு மீன் ஏலத்தில் எல்லார் முன்னிலையிலும் பந்தயம் கட்டியிருக்கிறார். பிரேசிலா அர்ஜென்டினாவா, எது முதலில் வெளியே போகிறதோ அந்தக் கட்சி ஆள் மீசையை எடுக்க வேண்டும். முந்தின நாள் இரவு பிரேசிலுக்குக் கால் இறுதி. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அவர் கடலுக்குப் போய்விட்டார். காலையில் வலையை இழுத்து முடித்துவிட்டு, பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்த ரேடியோவைத் திருகியிருக்கிறார். நான் ஐயோ கோல் என்று கத்திக்கொண்டிருந்தேன். பிரேசில், சொந்த மண், பெரிய மைதானம், கூட்டம் எல்லாம் பொருந்தியது. இரண்டுக்கு ஒன்று என்றதும் ரேடியோவை அணைத்துவிட்டார். அடுத்த வரியில்தான் நான் வருடத்தைச் சொன்னேன்.

உண்மையில் அன்று பிரேசில் ஜெயித்திருந்தது. அதுவும் இரண்டுக்கு ஒன்று.

"கரையில யாரும் சொல்லலீங்களா?" என்று கேட்டேன்.

"தோத்தவன் எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு ஏலத்துப் பக்கம் போவான்? மீன பசங்ககிட்ட விட்டுட்டுப் பின் தெரு வழியா நேரா சலூனுக்குப் போயிட்டேன். சலூன்காரன் கிரிக்கெட்டுப் பைத்தியம். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

இதுவரைக்கும் நான் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்தேன். மீசைதானே, வளர்ந்துவிடும் என்று ஆறுதல் சொல்லவும் வாயெடுத்தேன்.

"மீசைய விடுங்க" என்றார். "நாலு நாள்ல எம் பொண்ணுக்குக் கல்யாணம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் பக்கத்தில் மீசையோடு இருந்த ஆள் திடீரென்று மீசை இல்லாமல் தெருவில் வந்தால் ஒரே அர்த்தம். வீட்டில் சாவு. சலூனிலிருந்து வெளியே வந்தவரைப் பார்த்து ஒரு பெண்மணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்திருக்கிறார். சிங்காரவேலுவின் அம்மா பாக்கியம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. விடியற்காலையிலேயே மீன் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போய்விட்டதால் ஊரில் யார் கண்ணிலும் படவில்லை. அது போதுமே. அரை மணி நேரத்தில் தெற்கே இரண்டு ஊர் தள்ளியிருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குச் சேதி போய்விட்டது. சம்பந்தி போனில் துக்கம் விசாரித்தார். தீட்டு வீட்டில் கல்யாணம் வேண்டாம், தள்ளி வைப்போம் என்றார். ஆடி பிறக்கப் போகிறது. தள்ளினால் ஆவணி. மாப்பிள்ளைக்கு சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. ஆடி பிறந்ததும் திரும்ப வேண்டும், அடுத்த லீவு எப்போது என்று அவருக்கே தெரியாது.

"யாரும் சாகலைன்னு சொன்னீங்களா?"

"சொன்னேங்க. கல்யாணம் முடியிற வரைக்கும் சாவ நான் மறைக்கிறேங்கறாரு. அப்படி மறைச்சவங்க ரெண்டு பேரு பேரச் சொல்லிக் கேக்குறாரு. பந்தயத்துல எடுத்தேன்னு சொன்னேன். எதுல தோத்தேங்கறாரு. பிரேசிலுன்னேன். பிரேசிலுதான் ஜெயிச்சிருச்சே, பொய் சொல்றதுக்கும் ஒரு ஒழுங்கு வேணாமாங்கறாரு. நான் என்னாங்க சொல்லுவேன்? எம் பொண்ணு காலைலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல."

சொல்லிவிட்டு அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய உடம்பு சுருங்கி இருந்தது. திட்டியிருந்தால் எனக்குப் பழக்கம். அவர் திட்டவில்லை.

மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கதவருகில் நின்றிருந்தார். "பன்னண்டு மணிக்கு மீன் வரத்து நேரடியா போகுது. அதுல சொல்லிடுங்க சார்" என்றார்.

நான் எழுத உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் எழுதினேன். அன்பான நேயர்களே, இன்று காலை உங்கள் அறிவிப்பாளர் காலத்தைக் கடந்து பயணம் செய்தார் என்று ஆரம்பித்து, மீசைக்கும் வரலாற்றுக்கும் உள்ள உறவு வரை போயிருந்தது. படித்துப் பார்த்தேன். என் வாழ்க்கையிலேயே நல்ல எழுத்து அதுதான் என்று பட்டது. மேடம் அதை வாங்கி, படித்து, ஒரு இடத்தில் லேசாகச் சிரித்து, நாலாக மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

"நல்லாருக்கு சார். கேக்குறவங்க சிரிப்பாங்க. சிரிச்சா நம்ப மாட்டாங்க. காலைல ஒண்ண நம்ப வச்சீங்க, மத்தியானம் இல்லைங்கறீங்க. ரெண்டும் ஒரே குரல். அவங்க எத எடுத்துக்குவாங்க?"

"அப்ப யார் சொல்றது?"

"செத்துப் போனதா சொல்றாங்களே, அவங்களே சொல்லட்டும்."

சிங்காரவேலுவை மார்க்கெட்டுக்கு அனுப்பினோம். அம்மாவை வண்டியில் ஏற்றி நேராகச் சம்பந்தி வீட்டு வாசலில் இறக்கியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. மறுநாள்.

பதினொன்றே முக்காலுக்குப் பாக்கியம்மா வந்தார். கூடையை விட்டுவிட்டு வர மறுத்ததால் கூடையும் வந்தது. ஸ்டூடியோவில் இன்றைக்கும் மழைக்காலத்தில் லேசாக ஒரு வாடை வரும். என்னவென்று கேட்டிருப்பீர்கள். அதுதான். தான் செத்த விஷயம் அவருக்கு மார்க்கெட்டிலேயே தெரிந்திருந்தது. வழக்கமாக வாங்க வரும் ஒரு அம்மாள் அவரைப் பார்த்ததும் அலறிக்கொண்டு பையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்.

"நீதானா அந்த ரேடியோக்காரன்?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாங்கம்மா."

"கொரலு மட்டும் மைனராட்டம் இருக்கு."

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்காரவேலு வராந்தாவில் நின்றபடி சம்பந்தியிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். "பன்னண்டு மணிக்கி ரேடியோவப் போடுங்க சம்பந்தி. ஆமாங்க, அதே ரேடியோதான். இல்லீங்க, இந்தத் தடவ சரியா சொல்லுவாரு."

பன்னிரண்டு. நான் நாலு வரி சொன்னேன். இதுவரை வாசித்ததிலேயே கடினமான நாலு வரி. "இன்று காலை ஆறு மணிக்கு இந்த வானொலியில் நீங்கள் கேட்டது 1950இல் நடந்த ஆட்டம். அதை இன்று நடப்பது போலச் சொன்னது என் தவறு. இன்று நடந்த ஆட்டத்தில் பிரேசில் ஜெயித்தது. நான் சொன்னதை நம்பி ஒருவர் மீசையை எடுத்திருக்கிறார், அவர் வீட்டில் துக்கம் எதுவும் இல்லை." ஒரு நகைச்சுவை இல்லாமல் என்னால் பேச முடியும் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. பிறகு மைக்கைப் பாக்கியம்மா பக்கம் திருப்பினேன்.

அவர் மைக்கிடம் பேசவில்லை. நாலு தெருவுக்குக் கேட்கும்படி மீன் கூவுகிற குரலில், நேராகச் சம்பந்தியின் ஊரை நோக்கிப் பேசினார். ஒலி அளவு காட்டும் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது.

"ஏ தம்பீ! கேக்குதா? நான் பாக்கியம் பேசுறேன். நான் சாகல. காலைலேருந்து மார்க்கெட்டுலதான் கெடக்கேன். எவ சொன்னா நான் செத்தேன்னு? எம் பேத்தி கல்யாணத்தத் தள்ளி வைக்கிறேன்னியாமே? என்னைய வந்து ஒரு எட்டுப் பாத்தியா? மாலையோட வந்திருந்தாலும் வந்தவனுக்கு ஒரு வாய் காப்பித் தண்ணி குடுத்திருப்பேன்ல!"

மேடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையாட்டினார். நன்றாகப் போகிறது. ஆனால் பாக்கியம்மா நிறுத்தவில்லை.

"அன்னக்கி நிச்சயத்துல பந்தியில ஒக்காந்துக்கிட்டு ஒன் தங்கச்சி எங்க வீட்டுக் கொழம்பப் பத்தி என்ன சொன்னா? எங் காதுல விழலன்னு நெனச்சியா? சொல்லட்டுமா அத?"

என் கை தானாகக் குரலைக் குறைக்கிற பொத்தானுக்குப் போயிற்று. எனக்குத் தெரிந்த பாதிப் பொத்தான்களில் அதுவும் ஒன்று. சாவைப் பொய்யென்று காட்டி மீட்கிற கல்யாணத்தைக் குழம்பில் தொலைத்துவிடுவோம் போல இருந்தது. அதைக் கீழே இழுத்தால் அவர் குரல் நின்றுவிடும்.

இழுக்கவில்லை. உங்களுக்கு நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இந்த இரண்டு விநாடிதான். பேச்சின் நடுவில் அந்தக் குரல் நின்றுபோனால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பழைய பதிவு, ஓட்டிக் காட்டினார்கள், ஒட்டு தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள் என்று நினைப்பார்கள். பழசைப் புதுசு என்று விற்பவன் நான் என்று அன்று காலையே ஊருக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கிழவி அஞ்சு ஊரில் இரண்டாவது தடவை செத்துப்போவார், இந்த முறை நான் சாட்சியாக. வாயை அடைப்பதைவிட வேறு பக்கம் திருப்புவதுதான் வழி. அதுவும் இன்றைக்கு உயிரோடு இருப்பவர் மட்டுமே சொல்லக்கூடிய பக்கமாக இருக்க வேண்டும்.

"அம்மா, குழம்பு இருக்கட்டும். இன்னைக்கு என்ன மீன் வந்துச்சு?" என்றேன்.

தொழில் என்றால் தொழில்தான். ஒரு விநாடிகூட யோசிக்காமல் திரும்பினார்.

"சங்கரா வந்துச்சு. வவ்வாலு இல்ல. நண்டு கொஞ்சமா வந்துச்சு, அதையும் காலைல கரண்டு போன நேரத்துல ஐஸு இல்லாம கெடுத்துட்டானுவ. இப்ப கூடையில அஞ்சாறு சங்கராதான் கெடக்கு. ஒன்னால என் ஏவாரமே போச்சு. நீயே வாங்கிக்க."

காலையில் மின்சாரம் போனது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். முந்தின நாள் பதிவு செய்த குரலுக்குத் தெரியாது. தொலைபேசி அடித்தது. மேடம் எடுத்து, ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, எனக்குக் கைகாட்டி ஒலிபரப்பில் இணைத்தார்.

"அம்மா, நான்தான் பேசுறேன்" என்றது சம்பந்தியின் குரல்.

"யாரு?"

"நான்தாம்மா. மாப்ள அப்பா. நல்லாருக்கீங்களா?"

"செத்தவகிட்ட கேக்குற கேள்வியாடா இது?"

வராந்தாவில் சிங்காரவேலு சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு சம்பந்தி சிரிக்கிற சத்தம் கேட்டது. அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் சிரிக்கிற சத்தமும் கேட்டது. "குறிச்ச தேதிதாம்மா. ஒண்ணும் மாத்தமில்ல. அந்தக் கொழம்பு வெசயத்த மட்டும் அங்க வச்சி சொல்லிப்புடாதீங்க" என்றார்.

சங்கராவை நான்தான் வாங்கினேன்.

கிளம்பும்போது சிங்காரவேலு படியில் நின்று திரும்பினார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். "சார், ஒண்ணு சொல்றேன் கோவிச்சிக்காதீங்க. நீங்க ஆறு மணிக்கி ஆரம்பிக்கிறீங்க. நான் ஆறு மணிக்கி வலையில இருப்பேன். ஆறஞ்சுக்கோ ஆறேழுக்கோதான் திருகுவேன். எனக்கு முன்னாடி நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கையேட்டில் இதை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருப்பார்கள். அவர் மீசையைக் கொடுத்துச் சொன்னதால் எனக்குச் சுருக்கமாகவே புரிந்தது. கேட்பவர்கள் ஒரே நேரத்தில் வந்து உட்காருவதில்லை. ஒருவர் வலையிலிருந்து வருகிறார், ஒருவர் அடுப்படியிலிருந்து வருகிறார், ஒருவர் பஸ்ஸில் ஏறியதும் வருகிறார். வருகிற ஒவ்வொருவருக்கும் அதுதான் ஆரம்பம். அன்றிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை யார், எங்கே, எந்த வருடம் என்று சொல்லாமல் நான் எதையும் சொன்னதில்லை. வீட்டில்கூட அப்படித்தான் பேசுகிறேன் என்று என் மனைவி சொல்கிறார்.

நாலாம் நாள் காலை கல்யாணம். எனக்கும் அழைப்பு. ஆறு மணி நிகழ்ச்சியை முடித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அன்றைக்கு விடிவதற்குள் அரை இறுதி முடிந்திருந்தது. முடிவு எழுதியிருந்த தாளை மேடம் என் கையில் கொடுத்தார். படித்தேன். தாளைத் திருப்பிப் பார்த்தேன். மறுபடி படித்தேன்.

"மேடம், இதுல எழுத்துப் பிழை இருக்கு."

"இல்ல சார். நானும் நாலு இடத்துல பாத்துட்டேன்."

மைக்கைத் திறந்தேன். "நேயர்களே, இது 2014ஆம் ஆண்டு. இன்று அதிகாலை. பிரேசில் நாட்டில். உலகக்கோப்பை அரை இறுதி. பிரேசில், ஜெர்மனி. ஜெர்மனி ஏழு, பிரேசில் ஒன்று." மாம்பழச் சத்தம் எதுவும் போடவில்லை. கோவில் அறிவிப்பு வாசிப்பது போல வாசித்தேன். இரண்டு நிமிடம் கழித்து, ஆண்டு, நாள், நாடு, எதிரணியின் பெயர் எல்லாம் சேர்த்து மறுபடி வாசித்தேன். பாட்டுப் போட்ட இடைவெளியில் தொலைபேசி அடித்தது. அந்தப் பக்கம் நாதஸ்வரம் கேட்டது.

"சார், சிங்காரவேலு பேசுறேன். மண்டபத்து அடுப்படியில நம்ம ரேடியோதான் ஓடுது. இது எந்த வருசத்து மேட்சு?"

"இந்த வருசம்தாங்க. இன்னைக்குக் காலைல."

"ஏழா?"

"ஏழுங்க."

போனைப் பொத்திக்கொண்டு அவர் யாருடனோ வாதாடுவது நாதஸ்வரத்துக்கு நடுவே கேட்டது.

"மச்சான் இங்கதான் நிக்கிறான். மீச எங்கங்கறான். நாலு நாளக்கி முன்னாடியே குடுத்தாச்சின்னேன். அது அம்பதுக்குக் குடுத்ததாம், இதுக்குத் தனியாக் குடுக்கணுமாம்."

"தாலி கட்டியாச்சா?"

"இப்பத்தான் கட்டுனாப்ள." அந்தக் குரலில் ஒரு நிறைவு இருந்தது. பிறகு தணிந்து, "சார், ஒண்ணே ஒண்ணு. அந்த ஏழு ஒண்ண திருப்பித் திருப்பிச் சொல்லாதீங்க. மாப்ள வீட்டுல எல்லாம் அர்ஜென்டினா. ஒவ்வொரு தடவ நீங்க சொல்றப்பவும் பந்தியில கை தட்டுறானுவ. ஒரு தடவ சொன்னீங்க, கேட்டாச்சி, போதும்."

பாவமாகத்தான் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஆறு ஏழு. கடலில் வலையை இழுத்து முடித்தவர்கள் ரேடியோவைத் திருகுகிற நேரம்.

பாட்டை நிறுத்திவிட்டு, மறுபடியும் ஆண்டிலிருந்து ஆரம்பித்தேன்.